கேள்வி – பதில்: நிரபராதிக்குத் தண்டனை... ஆய்வை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எல்.எல்.எம். (குற்றவியல்) முடிக்கப்போகிறேன். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் பற்றி பிஎச்.டி. செய்ய ஆசை. தலைப்பு ரொம்பப் பெரியது என்கிறார் பேராசிரியர். எப்படிச் சுருக்குவது? – வாசகி, திருச்சி

பேராசிரியர் சொல்வது சரி. யாரையெல்லாம் கணக்கில் எடுக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994-ல் கைதானார். குற்றச்சாட்டில் உண்மையில்லை என்று 1996-ல் சி.பி.ஐ. அறிக்கை தந்தது. 2018-ல் 50 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆனால் எந்த நீதிமன்றமும் அவருக்குத் தண்டனை விதிக்கவில்லை. அது தவறாகப் போடப்பட்ட வழக்கு. மகாராஷ்டிராவில் நாடோடிப் பழங்குடியினர் 6 பேருக்கு 2009-ல் மரண தண்டனையை இறுதி செய்த உச்ச நீதிமன்றம், 2019 மார்ச்சில் அவர்கள் அனைவரையும் விடுவித்து, தலா 5 லட்சம் தரச் சொன்னது. இதுதான் தவறான தண்டனை. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் ஆய்வு தாக்குப்பிடிக்காது.

நம் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பெரும்பாலும் ‘சந்தேகத்தின் பலனை’ கொடுத்துத்தான் விடுவிக்கின்றன. ‘இவர் நிரபராதி’ என்று எழுதும் தீர்ப்பு அபூர்வம். அதனால் ‘நிரபராதிகள்’ என்று தலைப்பு வைத்தால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கேதான் விழும். இப்படிச் சுருக்கலாம்: கொலை வழக்குகள் மட்டும், ஒரே மாவட்டம், பத்து ஆண்டுகள், விசாரணை நீதிமன்றத்தில் ஆயுள், உயர் நீதிமன்றத்தில் விடுதலை, அதிலும் ஒரே வகைச் சான்று. வி.ஏ.ஓ. முன்னிலையில் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலம் நம் மாநில வழக்குகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அது ஒன்றே ஒரு பிஎச்.டி.க்குத் தாங்கும்.

கேள்வி: தீர்ப்புகள்தான் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றனவே, ஆய்வுக்கு அவை போதாதா? – வாசகர், மதுரை

போதாது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு, வழக்கு எங்கே உடைந்தது என்று சொல்லும். தவறு எப்படி உள்ளே வந்தது என்பது செஷன்ஸ் கோர்ட்டின் வழக்குக் கட்டில், அதாவது வழக்கு ஆவணங்கள் எல்லாம் அடங்கிய கோப்பில்தான் இருக்கிறது.

கட்டு கைக்கு வந்ததும் முதல் தகவல் அறிக்கையை எடுங்கள். பதிவு செய்த நேரத்தை விட்டுவிட்டு, மாஜிஸ்திரேட் தன் கைப்பட எழுதியிருக்கும் ‘பெறப்பட்டது’ குறிப்பின் தேதி, நேரத்தைப் பாருங்கள். காலை 7 மணிக்குப் பதிவான அறிக்கை, பக்கத்துத் தெருவில் இருக்கும் கோர்ட்டுக்கு மறுநாள் மாலை போய்ச் சேர்ந்திருந்தால், அந்த இடைவெளியில் பெயர்கள் சேர்க்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. போலீசிடம் சாட்சிகள் கொடுத்த வாக்குமூலங்கள் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 161, இப்போதைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் பிரிவு 180) எந்தத் தேதியில் கோர்ட்டுக்கு வந்தன என்பதையும் அதே தாளில் குறியுங்கள். சம்பவம் நடந்து பல வாரம் கழித்து வந்த ‘நேரில் பார்த்த சாட்சி’யை மிகுந்த சந்தேகத்துடன்தான் படிக்க வேண்டும்.

அடுத்து மகஜர்கள், அதாவது சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் எழுதிக் கையெழுத்து வாங்கும் பதிவுகள். கைது, வாக்குமூலம், ஆயுதம் கைப்பற்றல் மூன்றுக்கும் ஒரே வி.ஏ.ஓ.வும் ஒரே உதவியாளரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா? கைப்பற்றிய தேதிக்கும், படிவம் 95-ல் பொருள் கோர்ட்டுக்குப் போன தேதிக்கும் நடுவே எத்தனை நாள்? தடயவியல் ஆய்வகத்துக்கு எப்போது போனது? தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-ல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்ததற்கு, டி.என்.ஏ. மாதிரிகள் கைமாறிய விதத்தில் இருந்த ஓட்டைகளும் ஒரு காரணம். மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பதிவேடு வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு உத்தரவிட்டது. அதைப் பழைய கட்டுகளுக்கு அளவுகோலாக வைத்துப் பாருங்கள், எத்தனை வழக்கு தேறும் என்று தெரியும்.

கட்டைப் பெற ஆர்.டி.ஐ. போட்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். கோர்ட் ஆவண நகலை அந்தந்தக் கோர்ட் விதிப்படிதான் கேட்க வேண்டும் என்று 2020-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் மூன்றாம் நபர் என்பதால், நகல் மனுவோடு காரணத்தைச் சொல்லும் பிரமாண வாக்குமூலமும் வையுங்கள். பல்கலைக்கழகக் கடிதத்தை இணைப்பது நல்லது. மேல்முறையீட்டை நடத்திய வக்கீலிடம் தட்டச்சுத் தொகுப்பு (வழக்கு ஆவணங்களின் தட்டச்சு நகல்) இருந்தால் பாதி வேலை முடிந்தது. சீக்கிரம் கேளுங்கள், காலக்கெடு தாண்டிய கட்டுகள் அழிக்கப்படும்.

கேள்வி: ஆய்வு, ஆசிரியப் பணி, வழக்கு நடத்துவது மூன்றையும் சேர்த்துச் செய்ய முடியுமா? – வாசகர், சேலம்

முழுநேரச் சம்பளத்தில் ஆசிரியர் ஆகிவிட்டால் வக்கீலாக ஆஜராக முடியாது. மாணவர்களோடு சட்ட உதவி மையத்தில் கட்டைப் படித்து, மேல்முறையீட்டுக் காரணங்களை எழுதிக் கொடுக்கலாம். வக்காலத்து போடுவது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பட்டியல் வக்கீலாக இருக்கட்டும்.

ஆய்வுக்கும் ஆசிரியப் பணிக்கும் போகும் வரிசை இதுதான்: முதுகலையில் 55 சதவீதம் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50), பிறகு நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு. 2024 முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண் பயன்படுகிறது. ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000. பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. கட்டு சேர்க்கவே ஒரு ஆண்டு போய்விடும் என்று திட்டமிடுங்கள்.

சிறையில் பேட்டி எடுக்கச் சிறைத்துறை அனுமதியும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். மேல்முறையீடு நிலுவையில் இருப்பவரிடம் சம்பவத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். வக்கீலிடம் சொன்னதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு ஆய்வாளரிடம் சொன்னதற்கு இல்லை. உங்கள் குறிப்பேட்டையே கோர்ட் கேட்டு வாங்கலாம்.