பிரிட்டனில் மகளுக்கு மருத்துவப் படிப்பு: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

செவிலியர் பணிக்காக 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து குடும்பத்துடன் இங்கிலாந்துக்கு வந்ததாகவும், இப்போது பதினொன்றாம் ஆண்டில் படிக்கும் மகள் 2028 செப்டம்பரில் மருத்துவப் படிப்பில் சேர ஆசைப்படுவதாகவும் எழுதி, நீட் தேர்வுக்குச் சேர்ப்பதுபோல் இங்கே எந்தப் பயிற்சி மையத்தில் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகன் இந்த வழியில்தான் சென்று இப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருக்கிறான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பயிற்சி மையத்துக்கு முன்னால் நீங்கள் விசாரிக்க வேண்டியது கட்டணத் தகுதியை.

உள்நாட்டு மாணவராகக் கருதப்படுபவருக்கு இங்கிலாந்தில் 2025-26 கல்வியாண்டில் கட்டணம் 9,535 பவுண்டு. அதற்கு அரசின் கல்விக்கடனும் கிடைக்கும். வெளிநாட்டு மாணவராகக் கருதப்பட்டால் பல கல்லூரிகளில் ஆண்டுக்கு 40,000 பவுண்டைத் தாண்டும். அவர்களுக்கு ஒதுக்கப்படும் இடங்களும் மிகக் குறைவு. உங்கள் நிலையில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளை உள்நாட்டு மாணவராக வேண்டுமானால், படிப்பு தொடங்கும் நாளுக்கு முந்தைய மூன்றாண்டுகள் இந்நாட்டில் வசித்திருப்பதோடு, அந்த நாளில் இந்நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கையில் இருக்க வேண்டும் என்பதே பொதுவான விதி. அந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கத் தேவையான ஐந்தாண்டு உங்களுக்கு நிறைவதே 2028 நவம்பரில்தான்; அந்த ஐந்தாண்டுக் கணக்கையே நீட்டிக்கும் திட்டத்தை அரசு 2025இல் முன்வைத்தது. ஆகவே, உங்களுக்குப் பொருந்தும் விதி எது என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடமும், விண்ணப்பிக்க நினைக்கும் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை அலுவலகங்களிடமும் இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். ஓராண்டு தள்ளிச் சேர்வதால் உள்நாட்டுத் தகுதி கிடைக்குமென்றால், அந்த ஓராண்டு வீணாகாது.

பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் படிக்கும் ஏ லெவலில் வேதியியலும் உயிரியலும் எடுத்தால் பெரும்பாலான கல்லூரிகளின் கதவு திறந்திருக்கும். யூகாஸ் என்னும் பல்கலைக்கழகப் பொது விண்ணப்ப அமைப்பில் தேர்ந்தெடுக்கும் ஐந்து இடங்களில், மருத்துவத்துக்கு நான்கு இடங்களுக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம்; ஐந்தாவதை வேறு படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி வரை காலம் உண்டு, மருத்துவத்துக்கு அக்டோபர் நடுவிலேயே முடிந்துவிடும். அதற்கு முன் கோடையில், மருத்துவச் சேர்க்கைக்கான திறனறித் தேர்வான யூகேட்டை எழுதியிருக்க வேண்டும். அதை ஓர் ஆண்டில் ஒருமுறைதான் எழுத முடியும். மதிப்பெண்ணும் அந்தச் சேர்க்கை ஆண்டுக்கு மட்டுமே செல்லும். பழைய மாணவர்கள் சொல்லும் பிமேட் என்ற இன்னொரு நுழைவுத் தேர்வு 2023உடன் நின்றுவிட்டது.

யூகேட்டில் பாடப்புத்தகக் கேள்வி எதுவும் வராது. மொழித்திறன் பகுதியில் மட்டும் 22 நிமிடத்தில் 44 கேள்விகள், அதாவது பத்தியைப் படித்து விடையளிக்கக் கேள்விக்கு அரை நிமிடம். நம் பிள்ளைகள் பழகிய மனப்பாடம் இங்கே கைகொடுக்காது, திரையின் முன் உட்கார்ந்து பழகிய வேகம்தான் கைகொடுக்கும். தேர்வை நடத்துவோரின் தளத்திலேயே முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன; அவற்றைக் கடிகாரம் வைத்துச் செய்து முடிக்கும் முன் எந்த மையத்துக்கும் பணம் கட்ட வேண்டாம். மதிப்பெண் தெரிந்த பிறகே நான்கு கல்லூரிகளையும் முடிவுசெய்யுங்கள். யூகேட்டுக்கு அதிக எடை தரும் கல்லூரிகளும் உண்டு, பதினொன்றாம் ஆண்டின் முடிவில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வின் மதிப்பெண்ணைக் கூர்ந்து பார்க்கும் கல்லூரிகளும் உண்டு. பெயருக்காக நான்கையும் நிரப்பி, நல்ல மதிப்பெண் இருந்தும் நேர்முகத்துக்கு அழைப்பே வராத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனையில் அறுவை சிகிச்சையை நேரில் பார்த்த அனுபவம் கட்டாயமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயமில்லை. முதியோர் இல்லத்தில் வாரந்தோறும் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பதையும் கல்லூரிகள் மதிக்கின்றன. என் தாயாரை ஜி.பி. என்னும் குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போதெல்லாம் மகன்தான் மொழிபெயர்ப்பான். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று மருத்துவர் கேட்டால் அம்மா உடனே "ஆமாம்" என்று தலையாட்டுவார். பாதி மாத்திரை அட்டையிலேயே இருப்பது பேரனுக்குத் தெரியும். பாட்டி சொன்னதை அப்படியே சொல்வதா, உண்மையைச் சொல்வதா என்று அவன் தடுமாறியதும், பிறகு பாட்டியிடமே கேட்டு, அவரைக்கொண்டே சொல்ல வைத்ததும் அவனுடைய நேர்முகத்தில் நெடுநேரம் பேசப்பட்டன.

அந்த நேர்முகத்துக்குத்தான் பெற்றோர் அதிகம் துணை நிற்க முடியும். பல கல்லூரிகளில் சிறு சிறு நிலையங்களாக அது நடக்கும். கதவுக்கு வெளியே ஒட்டிய தாளை ஓரிரு நிமிடத்தில் படித்து, மணி அடித்ததும் உள்ளே போக வேண்டும். உள்ளே ஒரு நடிகர் உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டுக்காரரின் பூனை உங்கள் காரில் அடிபட்டு இறந்துவிட்டது, அவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்று தாளில் இருக்கலாம். பெரியவர்கள் முன் எதிர்த்துப் பேசாமல் வளர்ந்த நம் பிள்ளைகள் அங்கே வாயடைத்து நின்றுவிடுகிறார்கள். ஆகவே சாப்பாட்டு மேசையிலேயே மகளிடம் கருத்துக் கேளுங்கள், அவள் மறுத்துப் பேசினால் பேசவிடுங்கள், அவள் தேடும் சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். விண்ணப்பக் கட்டுரைக்கும் இதேதான். 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளாக, மொத்தம் 4,000 எழுத்துகளுக்குள் கேட்கப்படுகிறது. மருத்துவராக இருக்கும் உறவினர் திருத்திக் கொடுத்த வரிக்கு நேர்முகத்தில் விளக்கம் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவள் உங்கள் மகள்தான்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கும் நான்கு இடங்களிலும் மறுப்பு வருவது இங்கே வழக்கமானது. என் மகனுக்கும் முதலில் அப்படித்தான் வந்தது. அவன் மருத்துவமனையில் உதவிப் பணியாளராகச் சேர்ந்து, நோயாளிகளைக் குளிப்பாட்டி, உணவூட்டி, மறு ஆண்டு விண்ணப்பித்து இடம் பெற்றான். அந்த மாதங்களில் ஊரிலிருந்து "சீட் கிடைச்சுதா?" என்று வந்த தொலைபேசி அழைப்புகள்தான் அவனை மிகவும் வாட்டின. ஆகஸ்டில் ஏ லெவல் முடிவு வரும்வரை எதுவும் உறுதியில்லை என்பதால், மகள் விண்ணப்பித்திருக்கிறாள் என்ற செய்தியே வீட்டுக்கு வெளியே போக வேண்டாம். அழைப்பவர்களுக்கு நீங்களோ கணவரோ மட்டும் பதில் சொல்லுங்கள். அவளிடம் தொலைபேசியைக் கொடுக்காதீர்கள்.

கட்டணத் தகுதி பற்றிய பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு, 2027 அக்டோபரில் விண்ணப்பிப்பதா, ஓராண்டு பொறுப்பதா என்று மகளையும் உட்காரவைத்துப் பேசுவோம்.