கதிர்க்குருவி என்பது எந்தப் பறவை? அந்தப் பெயர் ஏன் வந்தது? வடசென்னையில் பார்க்க முடியுமா?

தாராளமாகப் பார்க்கலாம். உங்கள் தெருவில் காலி மனை ஒன்று இருந்தாலே போதும்.

முதலில் பெயர். நெற்கதிர், கம்பங்கதிர் என்கிறோமே, அந்தக் கதிர்தான் இது, சூரியக் கதிர் இல்லை. வயல், கோரை, நாணல் என்று தண்டுக்குத் தண்டு தொற்றித் திரிகிற குருவி. ஆனால் கதிரைக் கொத்தித் தின்னும் என்று நினைத்துவிடாதீர்கள், அது தேடுவது புழுவும் பூச்சியும்தான், விவசாயிக்கு லாபமே தவிர நஷ்டம் இல்லை. ஆங்கிலத்தில் வார்ப்ளர் என்பது குரலை உருட்டிப் பாடுவதை வைத்து வந்த பெயர்.

இது ஒரே ஒரு பறவையின் பெயரும் இல்லை. சின்னதாக, மங்கலாக, பூச்சி தின்பதாக இருந்த நூற்றுக்கணக்கான இனங்களை ரொம்ப காலம் ஒரே குடும்பத்தில் போட்டு வைத்திருந்தார்கள், 2000-க்குப் பிறகு வந்த மரபணு ஆய்வுகள் அந்தக் கூட்டுக்குடும்பத்தைப் பல குடும்பங்களாகப் பாகம் பிரித்துவிட்டன. கூகுளில் வார்ப்ளர் என்று தேடினால் பளிச்சென்று மஞ்சளாக வருகிறதே, அதில் முக்கால்வாசி அமெரிக்கப் பறவைகள். அவை வேறு குடும்பம், அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இங்கே தேடினால் ஒன்றும் கிடைக்காது.

நான் மணலிப் பக்கம். இங்கே அதிகம் கண்ணில் படுவது சாம்பல் கதிர்க்குருவி. வாலோடு சேர்த்து 13 செ.மீ. இருக்கும், முதுகு சாம்பல், வயிறு வெளிர் செம்மஞ்சள், கண் சிவப்பு, வாலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா இருக்காது. வேலிகாத்தான் புதர் உச்சியில் வந்து உட்கார்ந்து 'ஜிமி ஜிமி ஜிமி' என்று விடாமல் கத்தும், அப்புறம் பக்கத்துப் புதருக்குத் தாவும்போது விரல் சொடுக்குகிற மாதிரி 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது தொண்டைச் சத்தம் இல்லை, இறக்கையிலிருந்து வருவது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். இந்தச் சொடுக்கு ஒன்றை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

தையல்சிட்டும் இதற்கு நெருங்கிய சொந்தம், இரண்டும் இப்போது ஒரே குடும்பத்தில்தான் இருக்கின்றன. அகலமான இலையின் ஓரத்தில் அலகால் ஓட்டை போட்டு, பஞ்சையோ சிலந்தி நூலையோ இழுத்துக் கோத்துக் கூடு தைக்கும். வெளிப்பக்கம் நூல் பிசிறு விரிந்து நிற்பதால் தையல் அவிழாது. மாடித் தோட்டத்தில் இலை சுருண்டு தைத்த மாதிரி இருந்தால் தயவுசெய்து பிரித்துப் பார்க்காதீர்கள்.

இவை இரண்டும் வருடம் முழுக்க இங்கேயே இருப்பவை. பிளித் நாணல் கதிர்க்குருவி குளிர்கால விருந்தாளி, பின்லாந்து, ரஷ்யா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு செப்டம்பர் வாக்கில் வந்து ஏப்ரல் வாக்கில் கிளம்பும். கல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளித் 1849-ல் விவரித்த பறவை. பெயரில்தான் நாணல், இங்கே அது இருப்பது வேலியோரப் புதரில். அறிவியல் பெயரில் வரும் 'டுமெடோரம்' என்பதும் புதர்களைத்தான் சொல்கிறது. மண் நிறத்தில் இருக்கும், வெளியே தலைகாட்டாது, பாட்டும் இங்கே அவ்வளவாகக் கேட்காது. உள்ளேயிருந்து 'டக்... டக்' என்று மட்டும் வரும், அதைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றால் ஒருமுறை இலை இடுக்கில் தெரியும். எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கு இது சரிப்படாது, வெறுத்துப்போய்விடும்.

அதனால் சாம்பல் கதிர்க்குருவியில் தொடங்குங்கள். மாதவரம் ஏரி, ரெட்டேரி கரையோரப் புதர்களைப் பாருங்கள், கரையில் சம்பும் கோரையும் மண்டிய இடமாக இருந்தால் சாதாக் கதிர்க்குருவியும் கிடைக்கலாம். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், கன்டெய்னர் லாரி ஓட்டம் ஆரம்பித்துவிட்டால் 'டக்'காவது 'டிக்'காவது, ஹாரனைத் தவிர ஒன்றும் காதில் விழாது.