58-ஐ நெருங்கும் ஊழியரும் வேலையிடமும்: கேள்வி-பதில்

கேள்வி: ஜவுளிக்கடை விற்பனையில் இருக்கிறேன், வயது 55. முழங்கால் வலி. உட்கார்ந்தால் மேலாளர் முறைக்கிறார். இருக்கை கேட்க உரிமை உண்டா?

உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் சேர்த்த 22-ஏ பிரிவு எல்லா ஊழியருக்கும் இருக்கை தரச் சொல்கிறது. வயது வரம்பு கிடையாது, ஆகவே ‘உங்களுக்கு மட்டும் சலுகையா’ என்ற பேச்சுக்கும் இடமில்லை. ஸ்டூல் கிடங்கு மூலையில் கிடந்து பயனில்லை. கவுன்டருக்குப் பின்னால், கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். குட்டை ஸ்டூல் வேண்டாம். எழும்போதுதான் முழங்கால் அதிகம் வலிக்கும். உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் உயரம் சரி.

கேள்வி: எங்கள் தரப்பரிசோதனைப் பிரிவில் 57 வயது அனுபவசாலி ஒருவர் சமீபமாகக் கீறல்களைத் தவறவிடுகிறார். வேறு பிரிவுக்கு மாற்றிவிடலாமா?

முதலில் விளக்கைப் பாருங்கள். 60 வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சம், 20 வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளிக்கிறது. அதற்காகக் கூரையில் ட்யூப்லைட்டைக் கூட்டினால் கண்கூச்சம்தான் கூடும். வளையும் கழுத்துள்ள மேசை விளக்கு ஒன்று கொடுங்கள். பக்கவாட்டில், தாழ்வாக, சாய்த்து வைத்தால் கீறல் நிழல் விழுந்து தெரியும்.

அடுத்தது கண்ணாடி. கிட்டப் பார்க்கும் பவர் பைஃபோகலின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. கண்மட்டத்துத் திரையைப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கி, மாலைக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். கண்ணிலிருந்து பொருள்வரை டேப்பால் அளந்து, 55 செ.மீ. என்றால் அதைச் சீட்டில் எழுதிக் கண் மருத்துவரிடம் கொடுத்தனுப்புங்கள். சொல்லாவிட்டால் படிக்கும் தூரமான 40 செ.மீ.க்குத்தான் பவர் போடுவார்கள். சர்க்கரை நோய் உள்ளவரென்றால் விழித்திரைப் பரிசோதனையும் தேவை. இத்தனைக்குப் பிறகும் பிழை குறையாவிட்டால் மாற்றம்பற்றிப் பேசலாம்.

கேள்வி: புது பில்லிங் மென்பொருள் என்றாலே மூத்தவர்கள் ஒதுங்குகிறார்கள்.

இளையவர்கள் முன்னால் தப்புச் செய்யக் கூச்சம், வேறொன்றுமில்லை. எல்லோரையும் ஓர் அறையில் வைத்து 3 மணி நேரம் நடத்தாமல், அவரவர் கணினியிலேயே தினம் 30 நிமிடம் கொடுங்கள். மவுஸ் கற்பவர் கையைவிட்டுப் போகக்கூடாது. ‘குடுங்க சார், நான் பண்ணிடுறேன்’ என்பது மரியாதைபோலத் தெரியும். கற்பதைக் கெடுப்பதே அதுதான்.

கேள்வி: 58-க்குப் பிறகும் வேலையில் தொடர்ந்தால் பி.எஃப். என்னாகும்?

பிடித்தம் தொடரும். ஓய்வூதியத் திட்டத்துக்குத் தொடர்ந்து செலுத்த நீங்கள் விருப்பம் தராதவரை, முதலாளி பங்கிலிருந்து அதற்குப் போன 8.33 சதவீதமும் பி.எஃப். கணக்கிலேயே சேரவேண்டும். சம்பளப் பிரிவு பழைய கணக்கையே போட்டுவிடக்கூடும். 58 முடிந்ததும் பாஸ்புக்கைப் பாருங்கள். ஓய்வூதியத்தை 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும்.