கீழறைத் தரை: பலகை வாங்குமுன் கொங்கிரீட்டைப் பாருங்கள்

கேள்வி: திருகோணமலை உவர்மலைச் சரிவில் எங்கள் வீடு. கீழறையின் பின்சுவர் முழுக்க மண்ணுக்குள் இருக்கிறது. போன மாரியில் தண்ணீர் உள்ளே வந்து, கொங்கிரீட்டின் மேல் போட்டிருந்த லமினேட் தரை ஊதிக் கிளம்பிவிட்டது. கடைக்காரர், "எஸ்.பி.சி. போடுங்கள், முழு வாட்டர்ப்ரூஃப், பத்து வருட உத்தரவாதம்" என்கிறார். மேசன் டைல்ஸ்தான் சரி என்கிறார். எதை வாங்குவது?

பதில்: நான் மேசன் பக்கம். ஆனால் இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம்.

கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. எஸ்.பி.சி. சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் சேர்ந்த பலகை; ஊறினாலும் ஊதாது. லமினேட்டின் நடுவில் இருப்பதோ அழுத்திய மரநார். ஒருமுறை ஊதினால் காய்ந்தாலும் பழையபடி ஆகாது, அதைத் தூக்கி எறியுங்கள். சிக்கல் என்னவென்றால், எஸ்.பி.சி.யில் பலகைதான் வாட்டர்ப்ரூஃப், உங்கள் அறை இல்லை. கீழிருந்து ஏறும் ஈரம் பலகைக்கடியில் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். மேலே பளிச்சென்று இருக்கும், அறை மட்டும் நாறும். உத்தரவாதத் தாளையும் கேட்டு வாங்கி வாசியுங்கள். வெள்ளத்தையும் நிலத்து ஈரத்தையும் பொடி எழுத்தில் விலக்கி வைத்திருப்பார்கள்.

முதல் வேலை, தரையை வெறுமையாக்குவது. பலகைக்கடியில் விரித்த ஃபோம், சுவரோரச் சட்டம் எல்லாம் வெளியே போகட்டும். அப்புறம் ஒன்றரை அடிச் சதுரமாகத் தடித்த பொலித்தீன் வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உரிக்கும்போது உட்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ கொங்கிரீட் இன்னும் ஈரம். அறை நடுவில் மட்டும் பார்த்தால் போதாது. மண்ணுக்குள் இருக்கும் சுவரோரத்தில் கட்டாயம் பாருங்கள். அங்கே வெள்ளையாக மாவு போல் பூத்திருந்தால் அது சுவர் வழியே வரும் ஈரம் கொண்டுவந்த உப்பு. அதன்மேல் எதை ஒட்டினாலும் நிற்காது.

மழை நாளில் மின்விசிறியை ஓடவிட்டுக் காயவைக்கப் பார்ப்பது வீண் செலவு. கூரைப்பீலித் தண்ணீர் எங்கே விழுகிறது, பின்சுவருக்குப் பின்னால் வடிகான் ஓடுகிறதா, அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம். அதைச் சரிசெய்துவிட்டு, வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கதவு யன்னலைத் திறந்துவிடுங்கள். பிறகு திரும்பவும் பொலித்தீனை ஒட்டிப் பாருங்கள்.

டைல்ஸ் வாங்கும்போது செராமிக் வேண்டாம், போர்சலேன் கேளுங்கள். அது தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சாது. மினுக்கம் இல்லாததை எடுங்கள். ஈரக்காலுக்கு மினுக்கம் வழுக்கும். பெட்டிகளில் உள்ள நிற இலக்கம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்து சதவீதம் கூடுதலாகவும் எடுத்து வையுங்கள், பிறகு அதே நிறம் கிடைப்பது கஷ்டம்.

இதற்கும் மேல் எஸ்.பி.சி.தான் பிடிக்கிறது என்றால், தரை முழுதாகக் காய்ந்த பின் வாங்குங்கள். அப்போதும் "நிலத்து ஈரத்துக்கும் உத்தரவாதம் உண்டு" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு கையை விரித்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். வாய்ப்பேச்சை வைத்து அங்கே போனால் வழக்கு நிற்பது கடினம்.