அரிசிம்பருப்புக்கு ஓர் உருளைக்கிழங்கு வறுவல்

தனியாகத் தங்கிச் சமைப்பதாகவும், அதிக மசாலா இல்லாத ஓர் உருளைக்கிழங்கு வெஞ்சனம் வேண்டும் என்றும், எப்போது செய்தாலும் குழைந்துபோகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். குக்கரில் வேகவைத்துவிட்டுத் தாளிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வறுவலுக்குக் கிழங்கைத் தனியாக வேகவைக்கவே வேண்டாம்.

எனக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம். வீட்டில் அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாக வேகவைக்கும் அரிசிம்பருப்பு ஆக்கினால் தொட்டுக்க இந்த வறுவல்தான். சோறு குழைவாக இருக்கும், அதனால் கிழங்காவது ஓரம் முறுகலாக இருக்க வேண்டும்.

அரைக் கிலோ கிழங்கு எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும் ஊட்டிக் கிழங்கு கிடைத்தால் நல்லது. பச்சை பாய்ந்ததையும் முளைவிட்டதையும் எடுக்காதீர்கள். ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள். குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். சட்டியில் போட்டால் உள்ளே வேகும் முன்பே வெளியே கருகிவிடும். சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருந்தபோது பல மாதம் இப்படித்தான் கருக்கினேன். அடுப்புதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோல் சீவி, அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் பத்து நிமிடம் தண்ணீரில் போடுங்கள். தண்ணீர் கஞ்சி போல வெளுக்கும். அந்த மாவுதான் சட்டியில் ஒட்டுவது. கொட்டிவிட்டு இன்னொரு தடவை அலசி, துணியில் பரப்பி ஈரம் போகத் துடைத்துவிடுங்கள்.

இரும்பு வடச்சட்டி நன்றாகக் காய்ந்ததும் மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெய். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, கால் ஸ்பூன் மஞ்சள்தூள் போட்டு உடனே கிழங்கைப் போடுங்கள். ஒருமுறை பிரட்டி, தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். ஐந்தாறு நிமிடம் கழித்து மூடியை எடுக்கும்போது கவனமாக இருங்கள். மூடியின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். நேராகத் தூக்கினால் அத்தனையும் கிழங்கின் மேல் சொட்டி வறுவல் நசநசத்துவிடும். மெதுவாகப் பக்கவாட்டில் சாய்த்து எடுத்துத் துடைத்துவிடுங்கள். அதற்கப்புறம் மூடவே வேண்டாம்.

இனிமேல்தான் பொறுமை. சும்மா சும்மா கிளறினால் துண்டு உடையும், மேலே பொன்னிறமும் வராது. என் அம்மாயி பக்கத்தில் நின்று, "நோண்டீட்டே இருக்காத கண்ணு, அது பாட்டுக்கு வேகட்டும்" என்று சொல்லும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அடியிலிருந்து புரட்டினால் போதும். துண்டு முக்கால் பதம் வெந்ததும் உப்பும், இரண்டாகக் கீறிய பதினைந்து சின்ன வெங்காயமும். வெங்காயத்தை முதலிலேயே வதக்கத்தான் எல்லோரும் சொல்வார்கள், இதற்கு அது வேண்டாம். கிழங்கு வேக இருபது நிமிடம் ஆகும், அதற்குள் வெங்காயம் கருகிக் கசந்துவிடும். உப்பும் முன்னால் போட்டால் கிழங்கு நீர் விடும்.

இடையில் மூன்று வரமிளகாய், ஒரு ஸ்பூன் சீரகம், நாலு பல் பூண்டு சேர்த்துக் கொரகொரப்பாக இடித்து வையுங்கள். மிக்ஸி என்றால் விட்டுவிட்டு இரண்டு சுற்று போதும், மைய அரைத்தால் மணம் போய்விடும். வெங்காயம் வதங்கியதும் இதைத் தூவி, பூண்டின் பச்சை வாசனை போகும் வரை மூன்று நாலு நிமிடம் பிரட்டி இறக்குங்கள். கரம் மசாலா, சோம்பு எதுவும் வேண்டாம். போட்டால் சீரகமும் பூண்டும் அமுங்கிப்போகும்.

அரிசிம்பருப்பு தெரியாதென்றால் அதையும் அன்றைக்கே செய்துவிடுங்கள். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், வரமிளகாய், நாலு டம்ளர் தண்ணீர், உப்பு. குக்கர் இதற்குத்தான். சுடச்சுட நெய் ஊற்றிப் பிசைந்து, வறுவலைப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். கடைசிக் கவளத்துக்குத் தயிர். கொஞ்சம் வறுவலை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.