முதுகுப்பையும் டார்ம் கட்டிலும்: ஐரோப்பா போகிறவர்கள் கேட்டதும் என் பதில்களும்

பல வருடங்களாக லீவு கிடைக்கும்போதெல்லாம் முதுகுப்பையோடு ஐரோப்பிய நகரங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். தங்குவது பெரும்பாலும் ஹாஸ்டல்களில்தான், அதாவது ஒரே அறையில் பல கட்டில் போட்டு (அந்த அறைதான் டார்ம்) கட்டிலுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் பயணியர் விடுதிகளில். அதனால் ஹாஸ்டல், ஊர் விட்டு ஊர் போகும் ரயில், சாப்பாடு, இதைப் பற்றியெல்லாம் தாராளமாகக் கேளுங்கள். அங்கே வேலை, படிப்பு, குடியேற்றம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதை விட்டுவிடுங்கள்.

திருச்சியிலிருந்து: அக்கா, மே மாதம் 15 நாள் லீவு. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட், வெனிஸ், ரோம் என்று போட்டிருக்கிறேன். முடியுமா?

டிக்கெட் கிடைக்கும், அந்த அர்த்தத்தில் முடியும். ஆனால் நாளை எண்ணாதீர்கள் தம்பி, இரவை எண்ணுங்கள். விமானத்தில் போய் வருவதைக் கழித்தால் உங்கள் கையில் 13 இரவுதான் இருக்கிறது, ஒன்பது ஊர் என்றால் எட்டு தடவை மூட்டை கட்ட வேண்டும். ஹாஸ்டலில் காலை 10 அல்லது 11 மணிக்குள் காலி செய்யச் சொல்வார்கள், அடுத்த ஊரில் மதியம் 2, 3 மணிக்கு முன்னால் கட்டில் தர மாட்டார்கள், நடுவில் ரயில், அப்புறம் ஸ்டேஷனிலிருந்து ஹாஸ்டலுக்கு வழி தேடுவது, பையை லக்கேஜ் அறையில் போட்டுவிட்டுக் குளிக்காமல் வெளியே கிளம்புவது என்று அந்த நாளில் பாதிக்கு மேல் போய்விடும். எட்டு தடவை அப்படிப் போனால் மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட். இந்த மூன்றே போதும், முதல் தடவை போகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது. ப்ராகிலிருந்து வியன்னா நாலு மணி நேரம், அங்கிருந்து புடாபெஸ்ட் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். ஊருக்கு நாலு இரவு வையுங்கள், மிச்சம் ஒன்றை எதற்குப் பிடிக்கிறதோ அதற்குக் கொடுங்கள். வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரம்தான், பையை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டுக் காலையில் போய் ராத்திரி திரும்பலாம், நாலாவது நாடும் பார்த்த மாதிரி ஆயிற்று. ஒரு விஷயம், செக் நாட்டில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரிண்ட், யூரோ இல்லை. தெருவோரம், சுற்றுலாப் பயணிகள் கூடும் இடத்தில் தனியாக நிற்கும் ஏடிஎம்மை விட்டுவிட்டு வங்கி வாசலில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். திரையில் "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அவர்கள் போடும் மாற்று விகிதம் அநியாயமாக இருக்கும்.

மதுரையிலிருந்து: எனக்கு 23 வயது, தனியாகப் போகிறேன். ஆண்களும் பெண்களும் ஒரே அறையில் என்று கேட்டதும் அம்மா ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?

அம்மாவின் பயத்தில் தப்பில்லை. பெரும்பாலான ஹாஸ்டல்களில் பெண்களுக்கு மட்டும் என்று தனி டார்ம் உண்டு, கொஞ்சம் விலை கூட இருக்கலாம், முதல் பயணத்துக்கு அதையே எடுங்கள். நாலு அல்லது ஆறு கட்டில் அறை நல்லது. பன்னிரண்டு கட்டில் அறையில் ராத்திரி முழுக்க யாராவது வருவதும் போவதுமாக இருப்பார்கள், தூக்கம் வராது.

பதிவு செய்வதற்கு முன்னால் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, வரவேற்பில் 24 மணி நேரமும் ஆள் இருக்கிறார்களா. சில இடங்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவுக்கு ரகசிய எண் மட்டும் அனுப்பிவிட்டு ஆளே இருக்க மாட்டார்கள், தனியாகப் போகிற பெண்ணுக்கு அது சரிப்படாது. இரண்டு, ட்ராம் அல்லது மெட்ரோ நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பது. நகரத்தின் மையத்தில் இருக்கிறதா என்பதைவிட இது முக்கியம். மூன்று, சமீபத்தில் தனியாகத் தங்கிய பெண்கள் எழுதிய விமர்சனங்கள், குறிப்பாகக் குறை சொல்லி எழுதியவை. கட்டிலுக்குத் திரையும் தலைமாட்டில் சின்ன விளக்கும் இருக்கிற இடமாகக் கிடைத்தால் விடாதீர்கள். திரையை இழுத்துவிட்டால் அந்தக் கட்டில் உங்கள் சொந்த அறை.

அறையில் யாராவது தொந்தரவு செய்தால் பொறுத்துக்கொண்டு விடியட்டும் என்று படுத்திருக்க வேண்டாம். எத்தனை மணியானாலும் கீழே இறங்கிப் போய்ச் சொல்லுங்கள், வேறு அறை கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அவசர எண் 112. ஒவ்வொரு ஹாஸ்டலின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போங்கள், பாதிப் பயம் அங்கேயே குறையும். அப்புறம் லாக்கருக்குச் சொந்தப் பூட்டு எடுத்துப் போங்கள்.

சென்னையிலிருந்து: வயது 48. ஹாஸ்டலில் சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள். சில தனியார் ஹாஸ்டல்கள் 35, 40 என்று வரம்பு வைத்திருக்கின்றன, பதிவுப் பக்கத்திலேயே போட்டிருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இளைஞர் விடுதிச் சங்கங்கள் நடத்தும் இடங்களில் குடும்பங்களும் பெரியவர்களும் நிறைய. ஜெர்மனியில் ஆல்டெனா கோட்டையில் 1912-இல் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் தொடங்கியதுதான் உலகின் முதல் நிரந்தர இளைஞர் விடுதி. பழைய தங்குமிடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது, அதே கோட்டையில் இன்னும் விடுதியும் நடக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து: யூரெயில் பாஸ் எடுத்தால் லாபமா?

பல ஐரோப்பிய நாட்டு ரயில்களுக்கும் ஒரே சீட்டு, அதுதான் யூரெயில் பாஸ். லாபமா என்பது எந்த நாடு என்பதைப் பொறுத்தது. பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலியின் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும், பாரிஸ் போகும் சில ரயில்களில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடம் தீர்ந்துவிட்டால் பாஸ் கையில் இருந்தும் ஏற முடியாது. ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் பக்கம் பெரும்பாலும் நினைத்த ரயிலில் ஏறி உட்காரலாம், பாஸின் அருமை அங்கேதான் தெரியும். ஆனால் தேதி முடிவாகி, மூன்று நாலு ஊர்தான் என்றால் பாஸே வேண்டாம், முன்கூட்டித் தனித்தனி டிக்கெட் எடுப்பது பெரும்பாலும் மலிவு. 27 வயது வரை இளைஞர் விலை உண்டு.

கோவையிலிருந்து: சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா? அறையிலேயே சோறு வைத்துக்கொண்டால் செலவு மிச்சம்.

வேண்டாம். டார்ம் அறையில் சமைப்பதை எந்த ஹாஸ்டலும் அனுமதிக்காது, கூரையில் புகை உணர்வி இருக்கும், நீராவிக்கே அது கத்தத் தொடங்கலாம். நம் மூன்று கால் பிளக்கும் அங்கே சுவரில் நுழையாது. தேவையும் இல்லை, சமையலறை இருக்கிற ஹாஸ்டலாகப் பார்த்து எடுங்கள். பானை, தட்டு, அடுப்பு எல்லாம் இருக்கும், அரிசி எந்தக் கடையிலும் கிடைக்கும், நிறையத் தண்ணீர் வைத்து வேகவிட்டு வடித்துவிட்டால் இருபது நிமிடத்தில் சோறு. ஒன்றே ஒன்று, காய்ந்த மிளகாய் போட்டுத் தாளிக்காதீர்கள். பொய் அலாரத்துக்குத் தீயணைப்பு வண்டி வந்தால் அந்தச் செலவைத் தங்கியிருப்பவர் தலையில் கட்டுவோம் என்று பல ஹாஸ்டல்களின் விதியில் எழுதியே இருக்கும்.

பாரிஸிலிருந்து: நான் யாழ்ப்பாணம், கனகாலமாய் இங்கதான் இருக்கிறன். ஏன் தங்கச்சி எங்கட சாப்பாட்டுக்கு வெட்கப்படச் சொல்லுறீங்கள்? அவங்கள் பன்றி இறைச்சி பொரிச்சால் மணம், நாங்கள் மிளகாய் தாளிச்சால் நாற்றமோ?

அண்ணா, நான் மணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, புகையைப் பற்றித்தான் சொன்னேன். சூடான எண்ணெயில் மிளகாய் கருகும்போது வரும் புகை ஒரு அறைக்கே இருமல் வரவைக்கும், நம் வீட்டிலும் அப்படித்தான், நம் வீட்டில் ஜன்னலும் உண்டு, கூரையில் அலாரம் இல்லை. ஹாஸ்டல் சமையலறை பாதி நேரம் ஜன்னலே இல்லாத அடித்தளத்தில் இருக்கிறது.

சென்னையிலிருந்து இன்னொருவர்: அக்கா சரியாகத்தான் சொல்கிறார். மணமும் பிரச்சினைதான். போன ஊருக்குத் தக்க நாம்தான் அனுசரித்து ரொட்டியும் சீஸும் சாப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

இல்லை, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சமையலறை என்று ஒன்று வைத்து அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள். புடாபெஸ்டில் ஒரு ஹாஸ்டலில் ராத்திரி எட்டு மணி சமையலறை எப்படி இருக்கும் என்றால், ஒரு அடுப்பில் கொரியாக்காரர்களின் கிம்ச்சி கொதிக்கும், பக்கத்தில் யாரோ பூண்டை வதக்குவார்கள், நான் எலுமிச்சம் சாதம் கிளறிக்கொண்டிருந்தேன், மஞ்சள் பட்ட மரக்கரண்டியை உடனே கழுவி வைத்தேன், அவ்வளவுதான். இத்தாலியப் பெண் ஒருத்தி கடுகைப் பார்த்து அது என்ன என்று கேட்டு, ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தன் பாஸ்தாவில் பாதியை என் தட்டில் போட்டாள். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. செய்ய வேண்டியது மூன்றுதான்: அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கியைப் போடுங்கள், கதவைச் சாத்துங்கள், முடித்ததும் பாத்திரத்தைக் கழுவி வையுங்கள். கழுவாமல் போட்ட பாத்திரத்தால்தான் ஹாஸ்டலில் சண்டை வருகிறது, அதில் எல்லா நாட்டுக்காரர்களும் உண்டு.

பாரிஸ் அண்ணா மறுபடியும்: அப்ப சரி. பாரிஸ் வாற பிள்ளைகள் லா ஷப்பலுக்கு வந்து சாப்பிடுங்கோ எண்டு எழுதுங்கோ.

எழுதிவிட்டேன். லா ஷப்பல் பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் பகுதி, கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம், கடைப் பலகைகளில் தமிழ் இருக்கும், கொத்து ரொட்டி உண்டு. ஆகஸ்ட் கடைசியில் அங்கே இருந்தால் பிள்ளையார் தேரையும் பாருங்கள்.

நெல்லையிலிருந்து: பருப்புப்பொடி, நெய், கருவேப்பிலை எடுத்துப் போகலாமா?

பொடி தாராளமாக. நெய் வேண்டாம், பால்கோவாவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரக் கூடாது. பச்சைக் கருவேப்பிலைக்குத் தாவரநலச் சான்றிதழ் கேட்பார்கள், விட்டுவிடுங்கள்.

கோவையிலிருந்து மறுபடியும்: பொது கெட்டிலில் நூடுல்ஸ் வேகவைக்கலாமா?

கூடாது. அதில் அடுத்தவர் காபிக்குத் தண்ணீர் வைப்பார்.

சேலத்திலிருந்து: 10 நாளில் 7 நாடு...

திருச்சித் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள். இரவை எண்ணுங்கள்.

வேலூரிலிருந்து: விசாவுக்கு டம்மி புக்கிங் போதும் என்கிறார் ஏஜென்ட்.

வேண்டாம். கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய உண்மையான பதிவு எத்தனையோ கிடைக்கும்போது போலிக் காகிதம் எதற்கு? விசா மறுத்தால் அந்தத் தகவல் ஷெங்கன் நாடுகளின் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) பொதுத் தரவுத்தளத்தில் 5 வருடம் இருக்கும், அடுத்து எந்த நாட்டில் விண்ணப்பித்தாலும் பார்ப்பார்கள். அதிக இரவு தங்கும் நாட்டின் விசாவுக்கு விண்ணப்பியுங்கள், பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே செய்யலாம், மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். விசா பற்றி இவ்வளவுதான், இனிமேல் கேட்காதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: பூட்டு அவர்களே தருவார்களா?

காசுக்கு விற்பார்கள். மேலே சொன்னேன், சொந்தப் பூட்டு எடுத்துப் போங்கள். தடித்த பூட்டாக வேண்டாம், பல லாக்கர் வளையத்தில் நுழையாது.

புதுச்சேரியிலிருந்து: ஹாஸ்டலில் வேலை செய்தால் இலவசக் கட்டில் தருவார்களாமே?

சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது, கட்டிலுக்குப் பதிலாகச் செய்வதும் வேலைதான்.

தஞ்சாவூரிலிருந்து: மூட்டைப்பூச்சி பயமாக இருக்கிறது. பாரிஸ் முழுக்க என்று செய்தியில் பார்த்தேன்.

2023-இல் வந்த செய்தியைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஐந்து நட்சத்திர ஓட்டலிலும் வரும், ஹாஸ்டலில் ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் இன்னும் கவனம் வேண்டும். அறைக்குள் போனதும் பையைக் கட்டிலில் போடாதீர்கள். விரிப்பை ஒரு மூலையில் தூக்கி, போன் வெளிச்சத்தை மெத்தையின் தையல் ஓரமாக மெதுவாக ஓட்டுங்கள், மர இடுக்கு, ஆணித் துளை, தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம் எல்லாம் பாருங்கள். பேனா முனையால் குத்திய மாதிரிக் கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தால் படம் எடுத்துக்கொண்டு நேராக வரவேற்புக்குப் போய் வேறு அறை கேளுங்கள், பக்கத்துக் கட்டிலைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடி பட்டுவிட்டது என்றால் துணி மொத்தத்தையும் குறைந்தது 60 டிகிரி சூட்டில் துவைத்துச் சூட்டிலேயே உலர்த்துங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: ட்ராமில் டிக்கெட் கேட்பதே இல்லையாமே, எடுக்க வேண்டுமா?

எடுக்க வேண்டும், எடுத்தால் மட்டும் போதாது. ப்ராகில் காகித டிக்கெட்டை வண்டிக்குள் இருக்கும் மஞ்சள் பெட்டியில் நுழைத்தால் தேதியும் நேரமும் அச்சாகும், மெட்ரோவில் அந்தப் பெட்டி நடைமேடைக்குக் கீழே இறங்கிப் போகும் வழியிலேயே நிற்கும், அதைத் தாண்டிவிட்டால் பையில் புது டிக்கெட் இருந்தும் டிக்கெட் இல்லாதவர் கணக்குத்தான். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள், சுற்றுலா வந்தவன், தெரியாது என்றெல்லாம் சொன்னால் கேட்க மாட்டார்கள். பெர்லினில் பிடிபட்டால் 60 யூரோ. இத்தாலியின் வட்டார ரயில்களில் காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடைப் பொறியில் முத்திரை குத்துங்கள்.

ஓசூரிலிருந்து: 12 நாளில் 8 நகரம்...

இரவை எண்ணுங்கள். மேலே இருக்கிறது.

திண்டுக்கல்லிலிருந்து: வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை போய் இறங்குகிறேன். கடைகள் இருக்குமா?

ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் ஞாயிறு சூப்பர் மார்க்கெட்டுகள் பூட்டித்தான் இருக்கும், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை மட்டும் திறந்திருக்கும். ஸ்டேஷனில் இறங்கியதும் அங்கேயே ரொட்டியும் தயிரும் வாங்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போங்கள். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், அந்த ஊர்க் குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர்.