தண்டர்பேர்டில் எந்த ஆட்-ஆனை வைப்பது, எதை எடுப்பது?

கேள்வி: பாரிமுனை தம்புச் செட்டித் தெருவில் சின்ன கிளியரிங் ஆபீஸ் (சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தருவது) நடத்துகிறோம். மூன்று கம்ப்யூட்டர்களிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட், மெயிலுக்குத் தண்டர்பேர்ட் புரோகிராம். அமைத்துக் கொடுத்த பையன் ஆர்வத்தில், கூடுதல் வசதி தரும் துணை நிரல்களான ஆட்-ஆன்களை ஏகப்பட்டது போட்டுவிட்டார். சமீபத்தில் அப்டேட் வந்ததும் பாதி ஆட்-ஆன்கள் வேலை செய்யவில்லை, மெயில் திறக்கவும் நேரமாகிறது. எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: தினமும் ஒரே மாதிரி அனுப்பும் பதில்களைத் திரும்பத் திரும்ப டைப் அடிக்கக் கூடாது. ஃபைலை இணைக்க மறந்து மெயில் போகக் கூடாது. இரவில் வெளிநாட்டு ஏஜென்ட்டுக்கு மெயில் போக வேண்டும். பழைய மெயில்களை ஜாப் வாரியாக (ஒவ்வொரு சரக்கு வேலைக்கும் தனியாக) எடுத்து வைக்க வேண்டும். ஊழியர்கள் தமிழிலும் டைப் செய்ய வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது?

பதில்: நீங்கள் கேட்ட ஐந்தில் மூன்றுக்கு ஆட்-ஆன் தேவையே இல்லை. மற்ற இரண்டுக்கும் தலா ஒரு ஆட்-ஆன் போதும். தண்டர்பேர்ட் விஷயத்தில் நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: ஒரு வேலை புரோகிராமிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மட்டும் ஆட்-ஆன் தேடுங்கள். எந்த ஆட்-ஆன் போட்டாலும், நாளைக்கே அது நின்றுபோனால் ஆபீஸ் வேலை நிற்காதபடி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்டேட் வந்ததும் ஏன் பாதி நின்றது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் சுலபமாகிவிடும். தண்டர்பேர்ட் ஃபயர்ஃபாக்ஸின் அடித்தளத்தில் ஓடுவது. பழைய நாட்களில் ஒரு ஆட்-ஆன் புரோகிராமின் உள்ளே எங்கு வேண்டுமானாலும் கைவைக்கலாம். 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 அந்த வழியை அடைத்தது. 2020இல் வந்த 78ஆம் பதிப்போடு தண்டர்பேர்டும் அடைத்தது. அனுமதிக்கப்பட்ட கதவுகள் வழியாக மட்டும் நுழையும் புது வகை ஆட்-ஆன்தான் அதன் பிறகு செல்லும். ஆனால் அந்தக் கதவுகள் வழியே எல்லா வேலையையும் செய்துவிட முடியாது என்பதால், 'எக்ஸ்பெரிமென்ட்' என்ற பெயரில் ஒரு விதிவிலக்கு விட்டார்கள். இந்த வகை இன்றும் புரோகிராமின் உட்புறத்தைத் தொடும். உட்புறம் மாறும்போதெல்லாம் ஆட்-ஆனை எழுதியவரும் அதற்கேற்ப மாற்றியாக வேண்டும். அவர் மாற்றாத வரை புதிய பதிப்பில் அது முடங்கிக் கிடக்கும். உங்கள் ஆபீஸில் நின்றுபோனவற்றில் பெரும்பாலானவை இந்த வகையாகத்தான் இருக்கும்.

இதை அடையாளம் காண்பது எளிது. ஆட்-ஆனை நிறுவும்போது அனுமதி கேட்டு ஒரு பெட்டி வருமல்லவா, அதைப் படிக்காமல் தட்டிவிடாதீர்கள். தண்டர்பேர்டையும் உங்கள் கம்ப்யூட்டரையும் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் முழுமையாக அணுகும் என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் அது எக்ஸ்பெரிமென்ட் வகை. ஏற்கெனவே போட்டவற்றுக்கு, ஆட்-ஆன் மேனேஜரில் அதன் பெயரைத் திறந்து 'பெர்மிஷன்ஸ்' பகுதியில் பார்க்கலாம். அந்த வரி இருப்பதாலேயே அது கெட்ட ஆட்-ஆன் ஆகிவிடாது. நல்லவை பல அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் உங்கள் இன்பாக்ஸில் இறக்குமதியாளர்களின் இன்வாய்ஸும் வங்கிக் கடிதமும் கிடக்கின்றன. யாரோ எழுதிய நிரலுக்கு அதையெல்லாம் திறந்துவிடுகிறோம் என்று தெரிந்தே திறக்க வேண்டும். தண்டர்பேர்டின் அதிகாரப்பூர்வ ஆட்-ஆன் தளத்தில் இல்லாத எதையும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போடாதீர்கள்.

சரி, முதலில் மெதுவாக இருப்பதைக் கவனிப்போம். 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபிள்ஷூட் மோட்' இருக்கும். அதில் திறந்தால் எல்லா ஆட்-ஆன்களும் தற்காலிகமாக ஓய்வில் இருக்கும். அப்போது மெயில் சட்டென்று திறந்தால் சந்தேகம் ஆட்-ஆன் மேல்தான். (இந்த முறையில் கிராஃபிக்ஸ் வேகமூட்டலும் அணைந்துவிடும், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.) அப்புறம் சாதாரண முறையில் திறந்து, ஆட்-ஆன்களில் பாதியை மட்டும் அணைத்துப் பாருங்கள். வேகம் வந்தால் குற்றவாளி அணைத்த பாதியில், வராவிட்டால் மீதிப் பாதியில். மாட்டிய பாதியை மறுபடி பாதியாக்குங்கள். இருபது இருந்தாலும் நாலைந்து சுற்றில் பிடித்துவிடலாம்.

ஆட்-ஆன் எல்லாம் அணைந்த பிறகும் மெதுவாகவே இருந்தால் இன்பாக்ஸைப் பாருங்கள். தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் எல்லா மெயிலையும் ஒரே ஃபைலாகத்தான் சேமிக்கிறது. நீங்கள் அழித்த மெயிலும் அந்த ஃபைலில் அப்படியே கிடக்கும், 'காம்பாக்ட்' செய்யும்போதுதான் உண்மையில் போகும். ஸ்கேன் பிடிஎஃப்களாக வந்து குவியும் ஆபீஸில் இந்த ஃபைல் எந்த அளவுக்கு வீங்கும் என்று உங்களுக்கே தெரியும். இன்பாக்ஸ் மீது ரைட் கிளிக் செய்து காம்பாக்ட் கொடுங்கள். முடிந்த ஜாப்களை ஆண்டு வாரியான ஃபோல்டர்களுக்கு மாற்றிவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்டவை. ஃபைல் இணைக்க மறப்பதற்குப் புரோகிராமிலேயே மருந்து இருக்கிறது. செட்டிங்ஸில் 'காம்போசிஷன்' பகுதியில், இணைப்பு விடுபட்டதா என்று பார்க்கும் வசதி இருக்கும். பக்கத்தில் 'கீவேர்ட்ஸ்' பட்டன். அதில் அட்டாச்மென்ட், அட்டாச்டு போன்ற ஆங்கிலச் சொற்கள் ஏற்கெனவே இருக்கும். மெயிலில் அந்தச் சொல் இருந்து ஃபைல் இல்லையென்றால், எழுதும்போதே கீழே ஒரு பட்டை வந்து நினைவூட்டும். 'செண்ட்' அழுத்தினாலும் ஒரு முறை கேட்கும். இது உங்களுக்கு உதவாமல் போனதற்குக் காரணம், உங்கள் தொழிலில் யாரும் அந்தச் சொற்களை எழுதுவதில்லை என்பதாக இருக்கலாம். 'ப்ளீஸ் ஃபைண்ட் செக்லிஸ்ட்', 'டிராஃப்ட் பிஎல் ஃபார் அப்ரூவல்' என்றுதானே எழுதுகிறீர்கள்? அனுப்பிய மெயில்களை ஒரு முறை புரட்டி, ஃபைலோடு போன மெயில்களில் மட்டும் வரும் சொற்றொடர்களைக் கீவேர்டாகச் சேருங்கள். செக்லிஸ்ட் என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்க்காதீர்கள். செக்லிஸ்ட் பற்றிப் பேசும் ஒவ்வொரு மெயிலுக்கும் எச்சரிக்கை வந்தால், இரண்டு நாளில் ஊழியர்கள் அதைப் பார்க்காமலே மூடப் பழகிவிடுவார்கள். தமிழில் எழுதும் மெயிலுக்கும் சொற்களைச் சேர்க்கலாம். இணைப்பு, இணைத்துள்ளேன், இணைத்துள்ளோம் என்று ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே போடுங்கள்.

ஒரே மாதிரிப் பதில்களுக்கு, புரோகிராமில் 'டெம்ப்ளேட்' வசதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது புதிதாக மெயில் தொடங்கத்தான் நன்றாக இருக்கும். இறக்குமதியாளர் அனுப்பிய மெயிலுக்குப் பதில் எழுதும்போது நடுவில் ஒரு பத்தியைச் செருக உதவாது. உங்கள் வேலை பெரும்பாலும் பதில் எழுதுவதுதான் என்பதால் இங்கே ஒரு ஆட்-ஆன் நியாயம். குவிக்டெக்ஸ்ட் போடுங்கள். அடிக்கடி எழுதும் பத்திகளைச் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கெழுத்தும் வைத்துவிட்டால், அதை டைப் செய்து 'டேப்' தட்டியதும் முழுப் பத்தியும் வந்து விழும். பெறுபவர் பெயரைத் தானே நிரப்பவும் அதற்குத் தெரியும். ஆனால் அந்தப் பத்திகளைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு அப்டேட்டில் குவிக்டெக்ஸ்ட் சில வாரம் படுத்துவிட்டால், காப்பி செய்து ஒட்டி வேலையை ஓட்டிவிடலாம்.

இரவில் அனுப்புவதற்கு 'செண்ட் லேட்டர்' என்று ஒரு பிரபலமான ஆட்-ஆன் இருக்கிறது. நல்ல ஆட்-ஆன்தான், ஆனால் உங்களுக்கு வேண்டாம். குறித்த நேரத்தில் கம்ப்யூட்டரும் தண்டர்பேர்டும் திறந்திருந்தால்தான் அது அனுப்பும். நீங்களோ மாலையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஷட்டரை இறக்குபவர்கள். உங்கள் ஆபீஸ் மெயில் ஜிமெயிலில் இருந்தால், பிரௌசரில் ஜிமெயிலைத் திறந்து அங்கேயே நேரம் குறித்துவிடுங்கள். அது கூகுளின் சர்வரிலிருந்து போகும், உங்கள் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் கவலையில்லை. மற்ற சேவை என்றால் அதன் வெப்மெயிலில் இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய மெயிலை எடுத்து வைப்பதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. தேடி எடுப்பது ஒன்று. அதற்கு ஆட்-ஆன் வேண்டாம். ஜாப் நம்பரைச் சப்ஜெக்டில் தவறாமல் எழுதும் பழக்கம் இருந்தால், ஃபில்டர் போட்டுத் தானாகவே ஃபோல்டரில் விழச் செய்யலாம். 'டேக்' வைத்து வண்ணம் பிரிக்கலாம். கீபோர்டில் 1, 2, 3 என்று தட்டினாலே டேக் விழும், 0 தட்டினால் போய்விடும்.

தண்டர்பேர்டுக்கு வெளியே பாதுகாத்து வைப்பது இன்னொன்று. சுங்கத் தரகர் உரிம விதிமுறைகள் 2018இன்படி ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அதில் கணிசமான பகுதி உங்களிடம் மெயிலாகத்தான் இருக்கும். இதற்கு இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி என்ற ஆட்-ஆன் தேவை. ஃபோல்டர் மீது ரைட் கிளிக் செய்து, மெயில்களைத் தனித்தனி ஃபைல்களாக வெளியே எடுக்கலாம். ஈஎம்எல் வடிவில் எடுங்கள், இணைப்புகளும் உள்ளேயே இருக்கும், வேறு எந்த மெயில் புரோகிராமிலும் திறக்கும். இந்த ஆட்-ஆனை ஒரே ஒரு கம்ப்யூட்டரில் போட்டால் போதும். நிதியாண்டு முடியும் மார்ச்சில் மட்டும் அதை இயக்கிவிட்டு, மற்ற நாட்களில் அணைத்து வையுங்கள்.

எடுத்ததை வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஆபீஸ் அல்லாத இன்னொரு இடத்தில் வையுங்கள். ரிச்சி தெருவில் வாங்கும்போது இரண்டாக வாங்கிவிடுவது நல்லது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த நகரத்தில் தரைத்தள மேஜை டிராயரைப் பாதுகாப்பான இடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமிழ் டைப்பிங்குக்குத் தண்டர்பேர்டில் ஒன்றும் போட வேண்டாம். அது லினக்ஸ் அளவில் செய்ய வேண்டிய வேலை. பல மொழிகளில் டைப் செய்ய உதவும் ஐபஸ், அதோடு எம்17என் இரண்டையும் மின்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்து நிறுவினால் தமிழ்99, டைப்ரைட்டர், ஃபொனெட்டிக் மூன்றும் கிடைக்கும். தண்டர்பேர்ட், லிப்ரே ஆபீஸ், பிரௌசர் என்று எங்கும் அதே விசைப்பலகை வேலை செய்யும். எழுத்து சிறியதாகவோ உடைந்தோ தெரிந்தால் தண்டர்பேர்ட் செட்டிங்ஸில் ஃபான்ட் பகுதிக்குப் போய், மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்து நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைக் குறியுங்கள்.

ஆக, வைத்துக்கொள்ள வேண்டியவை குவிக்டெக்ஸ்டும் இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸும்தான். மற்றதையெல்லாம் எடுத்துவிடுங்கள். பட்டியலில் லைட்னிங், எனிக்மெயில் என்று ஏதாவது தென்பட்டால் யோசிக்கவே வேண்டாம். காலண்டரும் மெயில் என்கிரிப்ஷனும் 78ஆம் பதிப்பிலேயே புரோகிராமுக்குள் வந்துவிட்டன.

எடுப்பதற்கு முன்பு புரொஃபைலுக்கு ஒரு பிரதி எடுங்கள். மெயில், செட்டிங்ஸ், ஆட்-ஆன், பாஸ்வேர்ட் எல்லாம் சேர்ந்த ஃபோல்டர் அது. தண்டர்பேர்டை முழுதாக மூடிவிட்டு, ஃபைல் மேனேஜரில் உங்கள் ஹோம் ஃபோல்டரைத் திறந்து, கண்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்துத் தட்டுங்கள். மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். புள்ளியில் தொடங்கும் தண்டர்பேர்ட் ஃபோல்டரை அப்படியே டிஸ்க்கில் காப்பி செய்துகொள்ளுங்கள். பின்னால் யாராவது மின்டுக்குப் பதில் உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸைப் போட்டுக் கொடுத்தால் அது இதே இடத்தில் இருக்காது. அங்கே தண்டர்பேர்ட் ஸ்னாப் என்ற தனிப் பேக்கேஜ் வடிவில் வருவதால் 'ஸ்னாப்' ஃபோல்டருக்குள் தேட வேண்டும். பாஸ்வேர்டுகளும் அந்தப் பிரதியில் இருப்பதால் டிஸ்க் கைமாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்டில் டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் புரோகிராம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று நிறையப் பேர் நம்பி இருக்கிறார்கள். டைம்ஷிஃப்ட் சிஸ்டம் ஃபைல்களைத்தான் காக்கும். நாமாக மாற்றாவிட்டால் ஹோம் ஃபோல்டரைத் தொடாது, உங்கள் மெயில் இருப்பதோ அங்கேதான். புதிய பதிப்பு பிடிக்காமல் பழையதற்குத் திரும்பலாம் என்றாலும் சிக்கல்: புதிய பதிப்பில் திறந்த புரொஃபைலைப் பழைய பதிப்பு ஏற்க மறுக்கும். அந்த நேரத்தில் கைகொடுப்பது இந்தப் பிரதி ஒன்றுதான்.

அடுத்த பெரிய அப்டேட் வரும்போது மூன்று கம்ப்யூட்டர்களிலும் ஒரே நாளில் விடாதீர்கள். மின்டின் அப்டேட் மேனேஜரில் ஒரு குறிப்பிட்ட பேக்கேஜை மட்டும் ஒத்திவைக்கலாம். வேலை குறைவான கம்ப்யூட்டரில் சனிக்கிழமை மாலை முதலில் போட்டு, குவிக்டெக்ஸ்ட் வேலை செய்கிறதா, மெயில் போகிறதா என்று பாருங்கள். திங்கள், செவ்வாய் பிரச்சினை இல்லாமல் ஓடினால் மற்ற இரண்டிலும் விடலாம். அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம், பாதுகாப்புத் திருத்தங்களும் அந்த அப்டேட்டில்தான் வருகின்றன.